டிரைவர் பக்கத்துக் கதவு

நான் ஏறும்போது நீங்கள் காதைப் பொத்தியதைப் பார்த்தேன் தம்பி. பரவாயில்லை. கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கி இந்த வேனில் ஏறுகிற எல்லாரும் பொத்துவார்கள். போன வாரம் ஒரு அம்மாள், "டிரைவரே, கதவுல பூனை கீனை மாட்டிருச்சான்னு பாருங்க" என்று இறங்கியே விட்டாள். குனிந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறினாள்.

ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா என்று நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள். ஆனால் எண்ணெய் விடத் தெரியாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வண்டிக் கதவுக் கீலைப் பட்டறைக்குப் போகாமல், வீட்டில் கிடக்கிறதை வைத்தே சரிபண்ண இந்த வட்டாரத்தில் அய்யலுசாமியை விட்டால் ஆள் கிடையாது. நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதிதான். மீதிப் பாதியை வாத்தியாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் கீல் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

பைபாஸ் வழியாகப் போகாமல் ஏன் சுற்றிப் போகிறான் என்றும் பார்க்கிறீர்கள். அதுவும் இந்தக் கதவோடு சேர்ந்த விஷயம்தான். பைபாஸில் ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. செண்பகராஜ் என்று பெரிய எழுத்தில் போர்டு. அந்தப் போர்டைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஏழு வருஷமாகச் சுற்றித்தான் போகிறேன். மூன்று கிலோமீட்டர் கூட. பயப்படாதீர்கள், அந்த பெட்ரோல் என் கோபத்தின் கணக்கு. உங்களிடம் கேட்க மாட்டேன்.

விளாத்திகுளம் போக நேரமிருக்கிறது. சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சந்தை முக்கில் ஒரு மிளகாய் லாரி ரிவர்ஸில் வந்து இந்தக் கதவில் இடித்தது. டிரைவர் பக்கத்துக் கதவு, இதோ என் பக்கம் இருக்கிறதே, இதுதான். வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. வண்டியைப் பட்டறையில் விட்டால் தொட்டதற்கெல்லாம் காசு தீட்டுவார்கள் என்று நான் ஒரு யோசனை பண்ணினேன். பட்டறையில் வேலை பார்க்கிற ஒருத்தனை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவன்தான் செண்பகராஜ். அப்போது போர்டெல்லாம் கிடையாது. ஒரு சுத்தியலும் ஒரு சிரிப்பும்தான் வைத்திருந்தான்.

நாலு நாள் வேலை என்றான். பதினோரு நாள் ஆனது. நான் காலையில் பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டோவை ஓட்டப் போய்விடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவு காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஆனால் டீ டம்ளர் நாலு கழுவி வைத்திருக்கும். "நிதானமா செஞ்சாத்தான் அண்ணாச்சி உறுதியா நிக்கும்" என்பான். நானும் தொழில் சுத்தம் உள்ளவன் என்று நினைத்தேன். என் மகள் ரேணுகாகூட, "நல்லா உழைக்காருப்பா" என்றாள். அவள் ஒருத்தரைப் பாராட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கதவை மாட்டினான். கீலில் கடைசியாக ரெண்டு தட்டுத் தட்டினான். நான் திறந்தேன். கிரீச் என்றது. சாதாரண கிரீச் இல்லை. தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"என்னப்பா இது?"

"புது கீலு அண்ணாச்சி. பழகப் பழகப் போயிரும்."

நம்பினேன். ஒரு வருஷம் பழகினேன். போகவில்லை.

அந்த ஒரு வருஷமும் நான் வீட்டுக்கு வந்து வண்டிக் கதவைத் திறப்பேன், உள்ளே உடனே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். ரேணுகா தையல் படித்திருந்தாள். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் வேர்த்து மும்முரமாக மிதித்துக்கொண்டிருப்பாள். பொறுப்பான பிள்ளை என்று எங்கள் தெரு மூக்கம்மா பெட்டிக்கடையில் வைத்துப் பத்துப் பேரிடம் பெருமை பேசினேன். ஒரு வருஷத்தில் அவள் தைத்து முடித்தது ஒரு தலையணை உறை. அதையும் ஒரு பக்கம் தைக்க மறந்திருந்தாள்.

வருஷக் கடைசியில் அவள் அந்தச் செண்பகராஜோடு போய் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

ஜாதி கீதி என்று நினைக்காதீர்கள். அதுவும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் ஆத்திரம் அது இல்லை. பதினோரு நாள் என் வீட்டு டீயைக் குடித்தவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்கிறீர்களா? முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம். கேட்டிருக்க வேண்டும். கதவையும் கெடுத்தான், பிள்ளையையும் கூட்டிப் போனான்.

அன்றைக்கு மூக்கம்மா கடை முன்னால் நின்று தெருவே கேட்கச் சொன்னேன். "இனி அவ என் வாசப்படிய மிதிச்சான்னா, அந்த வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்" என்றேன். தெரு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரி குருவம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "வாசப்படியா?" என்று கேட்டாள்.

"ஆமா, வாசப்படிதான்."

"வாசப்படிய மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"சரி" என்று உள்ளே போய்விட்டாள். அழுகிற பொம்பளை அதையே ரெண்டு தடவை எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். அவளுக்குக் குழந்தை பிறந்தது என்று காதில் விழுந்தது. பெண் குழந்தை. பேர் ஹர்ஷிதாவோ வர்ஷிதாவோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கதவு மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. எண்ணெய் விடலாம் என்றால் குருவம்மா விட மாட்டாள். "இருக்கட்டுமே, உங்களுக்கு என்ன செய்யுது" என்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவுவாள். வண்டி என்றால் முழு வண்டி இல்லை, இந்தக் கதவை மட்டும். கதவிலும் கீலை மட்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் அரைமணி நேரம் தேய்ப்பாள். ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இருக்காது. என்ன சுத்தம், என்ன பக்தி என்று நானே மெச்சியிருக்கிறேன்.

நான் பொறுத்துத்தான் போனேன். ஆனால் போன வருஷம் ஒரு கட்சிக்காரர் இரங்கல் கூட்டத்துக்கு வண்டி பிடித்தார். மைதானத்தில் எல்லாரும் எழுந்து நின்று ரெண்டு நிமிஷம் மௌனம். எனக்கு வெற்றிலை எச்சிலைத் துப்ப வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் திறந்தேன். மெதுவாகத் திறந்தால் அது இன்னும் நீளமாகக் கத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் வரிசை சிரித்தது. அப்புறம் மேடையே சிரித்தது. செத்தவர் படம் மட்டும்தான் சிரிக்கவில்லை. அதோடு அந்த ஆள் என்னைக் கூப்பிடுவது நின்றது. ஊரில் என் பேர் கிரீச் அய்யலுசாமி ஆனது.

சரி, இனி பொறுக்க முடியாது என்று இறங்கினேன்.

முதலில் தேங்காய் எண்ணெய் விட்டேன். அதைச் செய்யாதீர்கள் தம்பி. ரெண்டாம் நாள் எறும்பு வந்தது. கீல் வழியாக உள்ளே புகுந்து சீட்டு முழுக்கக் குடியேறிவிட்டது. அன்றைக்கென்று ஒரு மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். பட்டு வேட்டிக்குள் எறும்பு ஏறினால் என்ன ஆகும்? மேளக்காரர்களுக்கு முன்னால் அவர் ஆடிய ஆட்டத்தைப் பெண் வீட்டார் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்து விளக்கெண்ணெய். நல்ல கெட்டி. ஆனால் நம்ம ஊர்க் கரிசல் புழுதி லேசுப்பட்டதா? எண்ணெயில் ஒட்டி மை மாதிரி ஆகிவிட்டது. சத்தம் நிற்கவில்லை, குரல்தான் மாறியது. கிழட்டு ஆடு செருமுகிற மாதிரி. மூன்றாவதாக மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். மத்தியான வெயிலில் உருகி என் சட்டையில் வடிந்ததுதான் மிச்சம்.

தையல் மெஷின் எண்ணெய்தான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால், "அது தீர்ந்து நாளாச்சு" என்று குருவம்மா சாதித்தாள். ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரம் உளுந்து டப்பாவில் கை விட்டேன். எதற்கு விட்டாய் என்று கேட்காதீர்கள். டாக்டர் பீடி குடிக்கக் கூடாது என்றதால் பீடிக் கட்டை நான் துவரம்பருப்பு டப்பாவில் ஒளித்து வைப்பேன், அன்றைக்கு டப்பா மாறிப்போனது. உளுந்துக்குள் மெஷின் எண்ணெய்ப் பாட்டில். நிறைய.

இந்த எண்ணெயைப் போய் உளுந்துக்குள் ஏன் வைத்தாள்? பொம்பளைகளுக்கு மறதி அதிகம் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க?

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும். பழைய பல் பிரஷை மண்ணெண்ணெயில் முக்கிக் கீல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கறுப்பை எடுக்க வேண்டும். பழைய பனியன் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். சும்மா அழுக்கு மேலேயே எண்ணெய் விடுகிறவன் மடையன். துடைத்துவிட்டுப் பார்த்தபோது நடுவில் இருக்கிற பின் லேசாக வளைந்திருந்தது. மிளகாய் லாரி இடித்ததில் வளைந்தது போலும் என்று சுத்தியலால் பொறுமையாகத் தட்டி நிமிர்த்தினேன். மேலே மூன்று சொட்டு, கீழே மூன்று சொட்டு. கதவை இருபது தடவை திறந்து மூடினேன். இருபத்தோராவது தடவை, தம்பி, பஞ்சு. சத்தமே இல்லை. எட்டு வருஷப் பீடை ஆறு சொட்டில் போனது.

குளித்துவிட்டு வந்த குருவம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திறந்தேன், மூடினேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. "இப்ப இது ரொம்ப அவசியமா?" என்றாள். நான் கெட்டிக்காரன் என்று ஒத்துக்கொள்ள மனசில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அருப்புக்கோட்டை சவாரி பாதியில் ரத்தானது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன், எனக்கே கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் உள்ளே போனேன்.

அடுப்படியில் என் மகள் தன் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். குருவம்மா பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு வயசில் ஒரு குழந்தை, ரெண்டு கன்னத்திலும் பணியாரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெரியவர்கள் ரெண்டு பேரும் கல்லாகிவிட்டார்கள். குழந்தை மட்டும் மென்று விழுங்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"கிரீச் தாத்தா, நீங்க சத்தமே போடல" என்றது. "இது அழுகுணி ஆட்டம்."

என்ன ஆட்டம் என்றேன். அது எனக்கு விளக்கிச் சொன்னது. "மொதல்ல கிரீச்சுனு கேக்கணும். அப்புறம் நான் செருப்பு போடணும். அப்புறம் பின்னால ஓடணும். அப்புறம்தான் நீங்க வரணும். நீங்க மறுபடி போயிட்டு வாங்க."

அழுகுணி ஆட்டமாம். ஏழு வருஷமாக, செவ்வாயும் சனியும், என் வீட்டில் உட்கார்ந்து என் உளுந்தைத் தின்றுவிட்டு, என் வண்டிச் சத்தம் கேட்டதும் புறவாசல் வழியாக மூக்கம்மா வீட்டுக் கொல்லைக்குள் ஓடியிருக்கிறார்கள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நான் அழுகுணி.

குருவம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அவ வாசப்படிய மிதிக்கல" என்றாள். "நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கோம். புறவாசல் வழியாத்தான் வருவா. ஒரு நாள் மிதிச்சதில்ல."

நான் என்ன செய்ய? சொன்னது வாசப்படிதான். வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். அரைமணி கழித்துத் திரும்பப் போனேன். வீடு காலி.

அதோடு அவர்கள் வருவது நின்றுவிட்டது. எப்போது வருவேன் என்று தெரியாதே, எப்படி வருவார்கள்? மூன்று வாரம். குருவம்மா என்னைத் திட்டினாளா என்றால் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லலாம். மூன்று வேளையும் ரசம் வைத்தாள். தையல் மெஷினுக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். மூக்கம்மா கடைக்குப் போனால், "அண்ணே, வண்டி இப்ப நல்லா இருக்கு போலயே" என்று பொட்டலம் கட்டுகிற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தெருவே சாவு வீட்டில் துட்டி கேட்க வந்த மாதிரி என்னைப் பார்த்தது.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஏங்கவெல்லாம் இல்லை. எனக்குப் பிரச்சினை பணியாரம்தான். ஏழு வருஷமாக வாரத்தில் ரெண்டு நாள் வீட்டில் வெல்லப் பணியாரம் இருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி இருந்தும் இவள் ஆசையாகச் சுட்டு வைக்கிறாளே என்று நினைத்திருந்தேன். அது எனக்குச் சுட்டதே இல்லையாம், தின்று மிஞ்சியதாம். ஆள் வராவிட்டால் பணியாரமும் இல்லை. ஒரு மனுஷன் எவ்வளவு நாள் ரசம் குடிப்பான்? அதனால்தான் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். பணியாரத்துக்காக மட்டும்.

சத்தத்தை நிறுத்துவது லேசு தம்பி. வரவழைப்பதுதான் கஷ்டம். பெட்ரோல் ஊற்றி எண்ணெயைக் கழுவினேன். உப்புத் தண்ணீர் தெளித்தேன். சோப்புப் போட்டேன். கரிசல் மண்ணை அள்ளிப் போட்டேன். கர் என்றது, கிர் என்றது, அந்த கிரீச் வரவில்லை. "இது கதவு மாதிரியே இல்லண்ணே, வயித்துக் கடுப்பு மாதிரில்ல இருக்கு" என்றாள் மூக்கம்மா. அது மூன்று வீடு தாண்டிக் கேட்காது. அந்தக் குழந்தைக்குச் செருப்புப் போட நேரம் வேண்டாமா?

கடைசியில் பைபாஸுக்குப் போனேன்.

போனேன், ஆனால் அவனிடம் பேசவில்லை. அங்கே ஒரு பெரியவர் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரிடம், "பட்டறைக்காரர்கிட்ட சொல்லுங்க, இந்தக் கதவுக்குச் சத்தம் வேணும்னு" என்றேன்.

"அவரு உங்க முன்னாலதான நிக்காரு" என்றார் பெரியவர்.

"நீங்க சொல்லுங்க."

செண்பகராஜ் சிரிக்கவில்லை. அவனும் பெரியவரைப் பார்த்துத்தான் கேட்டான். "எந்தச் சத்தம்னு கேளுங்க. புதுசா, பழசா?"

"பழசுன்னு சொல்லுங்க."

பெரியவர் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, நல்ல டாக்டராகப் பாருங்கள் என்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவன் சுத்தியலை எடுத்தான். கீலுக்குப் பக்கத்தில் காதை வைத்து, பின்னில் ரெண்டே ரெண்டு தட்டுத் தட்டினான். கதவை இழுத்தான். கிரீச். அச்சு அசல் அதே சத்தம்.

நான் அந்த ரெண்டு தட்டை எங்கே பார்த்தேன்? பன்னிரண்டாம் நாள், என் வீட்டு வாசலில், என் கண் முன்னால்.

அப்போதுதான் நேரே கேட்டேன். ஏழு வருஷத்தில் முதல் பேச்சு. "ஏண்டா, அன்னைக்கும் இதத்தான் செஞ்சியா?"

"ஆமா மாமா."

"எதுக்கு?"

"நீங்க வாரது எங்களுக்குத் தெரியணும்ல மாமா."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். "மாமான்னு கூப்பிடாத" என்றேன்.

"சரிங்க அண்ணாச்சி."

"அண்ணாச்சின்னும் கூப்பிடாத."

"அப்ப என்னன்னு கூப்பிட?"

ஏறி உட்கார்ந்து கோபமாகக் கதவைச் சாத்தினேன். அது கோபத்தையே கேலி பண்ணிக் கத்தியது. பெரியவர் முதுகு குலுங்கியது.

அதனால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் இன்னும் சுற்றித்தான் போகிறேன், நீங்களே பார்த்தீர்கள். என் வாய் போட்ட சத்தியம் அப்படியே இருக்கிறது. அவள் வாசப்படியை மிதிக்கவில்லை, நான் வீட்டுக்குள் கால் வைக்கிறேன். நியாயமாக நடக்கிறது.

இதோ எட்டயபுரம் வந்துவிட்டது. என் வீடு இந்தத் தெருவில்தான், ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். மத்தியான மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் எப்படியோ மறந்துவிடுகிறது.

கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கேட்டதா? இருங்கள், நான் இப்போதே இறங்க மாட்டேன். மூன்று தடவை திறந்து மூட வேண்டும். முதல் தடவைக்கு வர்ஷிதா எழுந்திருக்கும். ரெண்டாவதற்கு வலது செருப்பு. அந்த இடது செருப்பின் வார்தான் கொஞ்சம் இறுக்கம், பழகவில்லை. கடைக்காரன் ஒரு சைஸ் பெரிசாகக் கொடுத்திருக்கலாம். நான் சொன்னேன், கேட்கவில்லை.

இதோ மூன்றாவது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறதா? "தாத்தா, நாங்க எல்லாரும் போயாச்சு."

கேட்டுக்கொண்டீர்களா தம்பி? போய்விட்டார்களாம். வீட்டில் யாரும் இல்லை. இறங்கி வாருங்கள், சூடாகப் பணியாரம் இருக்கும்.